மலிந்தது ஒலிபெருக்கி, மெலிந்தது மைக் செட் தொழில்

கும்ப மாதம் பிறந்துவிட்டால் பாலக்காட்டுப் பக்கம் விழாக்களுக்குப் பஞ்சமில்லை. மீன மாதம் 20-ம் தேதி நெம்மாறை–வல்லங்கி வேல. அதற்கு முன்னும் பின்னுமாகக் கொல்லங்கோடு, சித்தூர், கொழிஞ்சாம்பாறை வட்டாரத்தில் பூரமும் மாரியம்மன் பொங்கலும் வரிசையாக வரும். மலைமேல் இடுக்கி மாவட்டத்திலோ கேட்கவே வேண்டாம். மூணாறு, தேவிகுளம், பீர்மேடு, வண்டிப்பெரியாறு தோட்டங்களில் டிவிஷனுக்கு ஒரு கோயில், கோயிலுக்கு ஒரு திருவிழா. மாதா கோயில் கொடியேற்றம், பள்ளிவாசல் நேர்ச்சை, தொழிற்சங்கக் கூட்டம், தேர்தல் பிரசாரம், கல்யாணம், காதுகுத்து என்று எதை எடுத்தாலும் முதலில் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "மைக் செட்டுக்குச் சொல்லியாகிவிட்டதா?"

அரிசி விலை ஏறியது. பஸ் கட்டணம் ஏறியது. வீட்டு வாடகை ஏறியது. இத்தனைக்கும் நடுவே, விலை இறங்கிக்கொண்டே வந்த சரக்குகளில் ஒன்று இந்த மைக் செட் சாமான். ஆம்பிளிஃபயர், மிக்ஸர், கம்பியில்லா மைக், ஸ்பீக்கர் எல்லாமே முன்பு இருந்த விலையோடு ஒப்பிட்டால் மலிவுதான்.

மூலப்பொருள் மலிந்தால் தொழில் செழிக்க வேண்டும் அல்லவா? இங்கே நடந்தது அதற்கு நேர்மாறு. எல்லையோர ஊர்களில் வாடகைக்கு மைக் செட் விடும் சிறு தொழில்காரர் இன்று முன்னைவிட அதிகக் கடனில் இருக்கிறார். முன்னைவிடக் குறைந்த வாடகைக்கு இறங்கி வருகிறார். இது எப்படி நேர்ந்தது? தோட்டத்தில் வேலை முடிந்து கையில் வரும் பணிக்கொடையையும் சேமநிதியையும் போட்டு மகனுக்கு ஒரு செட் வாங்கிக் கொடுக்கலாமா என்று யோசிக்கும் தமிழ்க் குடும்பங்கள் இதை அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும்.

கூம்பு ஆண்ட காலம்

பழைய மைக் செட் என்றால் கண்முன் நிற்பது கூம்பு ஒலிபெருக்கி. மலையாளத்தில் அதற்குக் கோளாம்பி என்றே பெயர். வெற்றிலைச் சாறு துப்பும் பாத்திரத்தின் வடிவம் அதற்கு இருந்ததால் வந்த பெயர். தென்னை மரத்திலோ சவுக்குக் கம்பத்திலோ இரண்டு கூம்பைக் கட்டிவிட்டால் அடுத்த மலையிலுள்ள லயத்துக்கும் பாட்டுக் கேட்கும்.

அந்தக் காலத்துச் சாமான் பெரும்பாலும் இந்தியாவில் செய்ததே. சிகாகோ ரேடியோ என்று பெயர் இருந்தாலும் அது பம்பாயிலிருந்த மோட்வானே குடும்பத்தின் நிறுவனம். 1930-களில் காங்கிரஸ் மகாநாடுகளில் தலைவர்களின் குரலை லட்சக்கணக்கானவர்களுக்குக் கொண்டு சென்றவை அவர்களுடைய ஒலிபெருக்கிகள். 1940-ல் தொடங்கிய அஹுஜா நிறுவனத்தின் ஆம்பிளிஃபயரும் யூனிட்டும் பின்னால் ஊருக்கு ஊர் பரவின. வால்வு போய் டிரான்சிஸ்டர் வந்தது. இசைத்தட்டு போய் கேசட் வந்தது. மின்சாரம் எட்டாத இடத்தில் கார் பாட்டரியை வைத்தே கூட்டம் நடத்தினார்கள்.

வெளிநாட்டுச் சாமான் அன்று எளிதில் வராது. லைசென்ஸ் வேண்டும், சுங்கவரியோ கண்ணைக் கட்டும். எனவே ஒரு செட் வாங்குவது ஒரு காணி நிலம் வாங்குவதைப் போன்ற காரியமாக இருந்தது. வாங்கியவர் பத்திருபது ஆண்டுகள் அதை வைத்துப் பிழைத்தார். செட்டின் விலை அதிகம் என்பதுதான் அவருக்குக் காவலாக இருந்தது. இன்னொருவர் நாளைக்கே போட்டிக்கு வந்துவிட முடியாது.

சட்டம் கொண்டுவந்த மாறுதல்

கூம்பின் காலம் முடிந்ததற்குச் சட்டமும் ஒரு காரணம். ஒலிபெருக்கி வைத்தே தீருவேன் என்று கேட்க ஒருவருக்கு அடிப்படை உரிமை இல்லை என்று ஒரு தீர்ப்பில் கேரள உயர்நீதிமன்றம் சொன்னது. 2000-ம் ஆண்டில் மத்திய அரசின் ஒலி மாசுக் கட்டுப்பாட்டு விதிகள் வந்தன. இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை வெளியிடங்களில் ஒலிபெருக்கிக்குத் தடை; மருத்துவமனை, பள்ளிக்கூடம், நீதிமன்றம் ஆகியவற்றைச் சுற்றி 100 மீட்டர் அமைதி வட்டாரம். 2005 ஜூலை 18-ல் உச்ச நீதிமன்றம் இதை உறுதிப்படுத்தி விரிவான தீர்ப்பளித்தது. பிறகு காவல் நிலையத்தில் அனுமதி கேட்டால், கூம்பு கூடாது, பெட்டி ஒலிபெருக்கிதான் என்று சொல்வது இரு மாநிலங்களிலும் வழக்கமாயிற்று.

காதுக்கு இது நல்லதே. ஆனால் தொழில்காரரின் பைக்கு? கூம்பு தன்னிடம் வரும் குரலைச் சிதறவிடாமல் ஒரே திசையில் குவித்து அனுப்பும். அதனால் சிறிய ஆம்பிளிஃபயரே போதும். பெட்டி அப்படியல்ல. கூம்பு கொடுக்கும் அளவுக்குச் சத்தம் பெட்டியிலிருந்து வர வேண்டுமானால் ஏறக்குறைய பத்து மடங்கு மின்திறன் வேண்டியிருக்கும். 30 வாட்டில் நடந்த காரியத்துக்கு 300 வாட். அதன்மேல் கச்சேரிக்கும் ஆட்டத்துக்கும் 'பேஸ்' கேட்கிறார்கள் இளைஞர்கள். அதற்கு ஆயிரக்கணக்கில் வாட் வேண்டும். ஆக, பெரிய ஆம்பிளிஃபயரும் பெரிய பெட்டியும் தேவைப்பட்ட நேரமும், சீனச் சரக்கு வந்து குவிந்த நேரமும் ஒன்றாக அமைந்துவிட்டன.

ஜெர்மனியிலிருந்து சீனாவுக்கு

இந்தச் சரக்கு மலிந்த கதையை ஒரே ஒரு நிறுவனத்தை வைத்துச் சொல்லிவிடலாம். 1989-ல் ஜெர்மனியில் வில்லிஷ் என்ற ஊரில் ஊலி பெரிங்கர் என்பவர் தம் பெயரிலேயே ஒலிக்கருவி நிறுவனம் ஒன்றைத் தொடங்கினார். ஜெர்மனியில் கூலி அதிகம். அடுத்த ஆண்டே உற்பத்தியைச் சீனாவுக்கு மாற்றத் தொடங்கினார். முதலில் அங்குள்ள ஆலைகளுக்கு வேலை கொடுத்து வாங்கினார். 2002-ல் குவாங்டோங் மாகாணத்தின் சோங்ஷான் நகரில் சொந்தமாகவே ஆலை அமைத்தார். பிறகு ஐரோப்பாவின் பழம்பெரும் நிறுவனங்கள் ஒவ்வொன்றாக அவர் கைக்கு வந்தன. 2009-ல் இங்கிலாந்தின் மைடாஸ், கிளார்க் டெக்னிக், 2015-ல் டேனாய்.

டேனாய் என்பது சாதாரணப் பெயரல்ல. 1926-ல் லண்டனில் தோன்றிய அந்த நிறுவனத்தின் பெயரே ஆங்கிலேயர் பேச்சில் ஒலிபெருக்கிக்குப் பெயராக நிலைத்துவிட்டது. ஸ்காட்லாந்தில் கோட்பிரிட்ஜ் என்ற ஊரிலிருந்த அதன் ஆலையை மூடும் திட்டம் 2016-ல் அறிவிக்கப்பட்டது. வேலை போவது நம் ஊர்க்காரருக்கு மட்டும் நேர்ந்த கதியல்ல என்பதற்கு இது சாட்சி.

அமெரிக்காவின் ஷூர் நிறுவனம் 1966-ல் வெளியிட்ட எஸ்.எம்.58 மைக்கைத் தெரியாத மேடைக் கலைஞர் இல்லை. அந்த நிறுவனமும் தன் சரக்கை மெக்சிகோவிலும் சீனாவிலும் செய்கிறது. குவாங்டோங் மாகாணத்திலேயே என்பிங் என்றொரு நகரம் உண்டு. மைக் செய்வதே அந்த ஊரின் தொழில். நம் சிவகாசிக்குத் தீப்பெட்டி எப்படியோ, அந்த ஊருக்கு மைக் அப்படி. அசல் மைக்கும் அங்கே உண்டு. அசலைப் போல அச்சாகச் செய்த போலியும் சீனச் சந்தையிலிருந்து உலகெங்கும் போகிறது.

விலை இறங்கியதற்கு மிகச் சரியான உதாரணம் டிஜிட்டல் மிக்ஸர். 2000-ம் ஆண்டை ஒட்டி வந்த பெரிய டிஜிட்டல் மிக்ஸர்களின் விலை பல பத்தாயிரம் டாலர். பெரிய அரங்குகளும் தொலைக்காட்சி நிலையங்களும் தவிர மற்றவர்கள் கிட்டே போக முடியாது. 2012-ல் பெரிங்கர் வெளியிட்ட எக்ஸ்-32 மிக்ஸர் 3,000 டாலருக்குள் வந்தது. பிறகு அதிலும் விலை இறங்கியது. எதிரொலிக் கருவி, சமன் செய்யும் கருவி என்று முன்பு அலமாரி நிறையத் தனித்தனியாக வாங்கி வைத்தவை எல்லாம் அந்த ஒரே பெட்டிக்குள் அடங்கிவிட்டன.

கூலி மட்டும் காரணமல்ல

சீனாவில் கூலி மலிவு, அதனால் விலை மலிவு என்று சொல்லிவிட்டுப் போவது பாதி உண்மைதான். கருவியின் உள்ளமைப்பே மாறிவிட்டது. பழைய ஆம்பிளிஃபயரைத் தூக்கிப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அதன் கனமெல்லாம் டிரான்ஸ்ஃபார்மர்தான், இரும்பும் செம்பும். இன்று அந்த இடத்தில் 'எஸ்.எம்.பி.எஸ்.' என்னும் சிறிய மின்வழங்கி இருக்கிறது. மின்சாரத்தை வினாடிக்குப் பல்லாயிரம் முறை வெட்டி வெட்டிக் கொடுப்பதால் பெரிய இரும்புச் சுருள் தேவையில்லை. 'கிளாஸ்-டி' ஆம்பிளிஃபயர் வந்ததால் வீணாகும் சூடு குறைந்தது. சூட்டை வெளியேற்றும் அலுமினியத் தகடும் சிறுத்தது. இருவர் தூக்கிய சாமானை இன்று ஒருவர் ஒரு கையில் எடுத்துப் போகிறார்.

ஸ்பீக்கரின் காந்தமும் மாறிற்று. கறுப்பு ஃபெரைட் வளையத்துக்குப் பதில், 1980-களில் கண்டுபிடிக்கப்பட்ட நியோடிமியம் காந்தம் உயர்தர ஸ்பீக்கர்களில் வந்தது. அளவு சிறிது, இழுப்பு பெரிது. அந்தக் காந்தத்துக்கு வேண்டிய அருமண் தாதுக்களில் பெரும்பகுதியைத் தோண்டுவதும் சுத்திகரிப்பதும் சீனாதான். ஆகவே கயிறும் அதன் கையில். 2010-ல் சீனா ஏற்றுமதியைக் குறைத்ததும் அடுத்த ஆண்டு நியோடிமியம் விலை பல மடங்கு உயர்ந்தது. 2025 ஏப்ரலில் சில அருமண் உலோகங்களுக்கும் அவை சேர்ந்த காந்தங்களுக்கும் ஏற்றுமதி லைசென்ஸ் வேண்டும் என்று சீனா மறுபடி கட்டுப்பாடு விதித்தது.

நம் பக்கத்துக் கதவும் திறந்தது. 1991-ல் 150 சதவீதமாக வகுக்கப்பட்ட சுங்கவரி உச்சவரம்பு, விவசாயப் பொருள் தவிர்த்த சரக்குகளுக்குப் படிப்படியாக இறங்கி 2007-ல் 10 சதவீதமாயிற்று. 2001 ஏப்ரலில் இறக்குமதி அளவுக் கட்டுப்பாடுகளில் எஞ்சியிருந்தவையும் போயின. அதே ஆண்டு டிசம்பரில் சீனா உலக வர்த்தக நிறுவனத்தில் சேர்ந்தது. டில்லி லஜபதி ராய் மார்க்கெட், பம்பாய் லாமிங்டன் ரோடு, சென்னை ரிச்சி தெரு வரை வந்த சரக்கு அங்கிருந்து கோவைக்கும் மதுரைக்கும் வர எத்தனை நாள் ஆகும்?

ஒரு விஷயம் மட்டும் இன்னும் பெரும்பாலும் நம் ஊரிலேயே நடக்கிறது. அதுதான் பெரிய ஸ்பீக்கர் பெட்டி. வெறும் பெட்டி என்பது காற்றை அடைத்த பலகைக் கூடு. கப்பலில் அதை ஏற்றினால் காற்றுக்கும் சேர்த்து வாடகை கொடுக்க வேண்டும். ஆகவே ஸ்பீக்கர் மட்டும் வெளியிலிருந்து வருகிறது. பெட்டியைப் பெரும்பாவூர் போன்ற இடங்களிலிருந்து வரும் பிளைவுட்டில் உள்ளூர்த் தச்சரே அடித்துக் கொடுக்கிறார். கப்பல் வாடகை எவ்வளவு முக்கியம் என்பதை 2021 காட்டிற்று. 2019-ல் சராசரி 1,500 டாலருக்குள் இருந்த 40 அடி கன்டெய்னர் வாடகை அந்த ஆண்டு செப்டம்பரில் 10,000 டாலரைத் தாண்டியது. அதோடு ரூபாயின் சரிவும் சேர்ந்துகொள்ளும். 2001-ல் டாலருக்கு 47 ரூபாய். 2022 அக்டோபரில் 83. டாலரில் விலை இறங்குவது முழுவதும் நம் கைக்கு வந்து சேர்வதில்லை.

எல்லையில் நடப்பது என்ன?

மீனாட்சிபுரத்துக்குப் பாலக்காட்டைவிடப் பொள்ளாச்சி பக்கம். குமுளிக்கு மாவட்டத் தலைநகரைவிடக் கம்பம் பக்கம். மறையூர்க்காரர் சின்னாறு வழியே உடுமலைக்கு இறங்குவார். பூப்பாறைக்காரர் போடிமெட்டு வழியே போடிக்கு இறங்குவார். எல்லையோரத்து மைக் செட்காரர் சாமான் வாங்குவதும் பழுது பார்ப்பதும் பெரும்பாலும் தமிழ்நாட்டுக் கடைவீதியில்தான். முன்பு வாளையாறு போன்ற சாவடிகளில் விற்பனை வரித் தொல்லை இருந்தது. 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்ததோடு வணிகவரிச் சாவடிகளின் வேலை ஓய்ந்தது. வரியும் இரு பக்கமும் ஒன்றாயிற்று. 2018 ஏப்ரல் முதல் 50,000 ரூபாய்க்கு மேற்பட்ட சரக்கு எல்லை தாண்ட மின்வழிச் சீட்டு வேண்டும். வாடகைக்குக் கொண்டுபோகும் செட்டானாலும் கையில் ரசீதும் சீட்டும் இருப்பது நல்லது.

வழி எளிதானதும் போட்டியும் எளிதாயிற்று. கோவையிலும் தேனியிலும் உள்ள பெரிய செட்காரர் வண்டியில் ஏற்றிக்கொண்டு நேரே கேரளத்து விழாவுக்கு வருகிறார். அது மேலிருந்து விழும் அடி. கீழிருந்தும் ஒன்று விழுகிறது. சக்கரம் வைத்து, பாட்டரியோடு, மைக்கும் சேர்த்து விற்கும் 'டிராலி ஸ்பீக்கர்' இன்று பத்தாயிரம் ரூபாய்க்குக் குறைவாகவே கிடைக்கிறது. காதுகுத்து, பிறந்தநாள், கிளைக் கூட்டம், பள்ளி விழா என்று சிறு செட்காரருக்கு வாரந்தோறும் அடுப்பெரிய வைத்த வேலைகள் அந்தப் பெட்டியோடு போய்விட்டன. கோயில் கமிட்டியே ஒரு செட் வாங்கி வைத்துக்கொள்கிறது. பெரிய விழா கோவைக்காரருக்கு, சிறிய விழா டிராலிப் பெட்டிக்கு என்றான பின் நடுவில் நிற்பவருக்கு என்ன மிச்சம்?

இதில் நன்மை இல்லையா என்றால், உண்டு. மறுப்பதற்கில்லை. வாடகை கொடுக்க வழியில்லாத சிறு டிவிஷன் கோயிலும் இன்று சொந்த மைக்கில் பாட்டுப் போடுகிறது. பறை, வில்லுப்பாட்டுக் குழுக்கள் தங்களுக்கென்று கருவி வைத்திருக்கின்றன. மலிவு யாருக்கும் தீங்கு செய்ய வந்ததல்ல. ஆனால் அதன் செலவு ஒருவர் தலையில் மட்டும் விழுகிறது என்பதுதான் கேள்வி.

முந்தி வாங்கினவர் கணக்கு

அது எப்படி விழுகிறது என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒருவர் 4 லட்ச ரூபாய்க்கு ஒரு நடுத்தர செட் வாங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். மழைக்காலம் கழித்தால் ஆண்டுக்கு 40 நாள் வேலை. நாள் வாடகை 6,000 ரூபாய். ஆள் கூலி, வண்டி, டீசல், பழுது என்று 3,500 ரூபாய் போனால் மிச்சம் 2,500. ஆண்டுக்கு ஒரு லட்சம். நாலு ஆண்டில் முதல் திரும்பிவிடும் என்று அவர் கணக்குப் போடுகிறார்.

இரண்டு ஆண்டு போகிறது. அதே தரத்துச் சாமான் இப்போது இரண்டரை லட்சத்துக்கு வருகிறது. பக்கத்துத் தெரு இளைஞர் ஒருவர் அதை வாங்கி, 4,500 ரூபாய் வாடகை போதும் என்கிறார். அவருக்கு அது கட்டுப்படி. முந்தி வாங்கினவரும் 4,500-க்கு இறங்கித்தான் ஆக வேண்டும். செலவு 3,500 அப்படியே நிற்கிறது, மிச்சம் 1,000. ஆண்டுக்கு 40,000. பாக்கி 2 லட்சம் திரும்ப இன்னும் ஐந்து ஆண்டு. வட்டியைச் சேர்க்காமலே இந்தக் கதி. அதற்குள் அந்த இளைஞருக்கும் ஒரு தம்பி முளைத்து, இன்னும் மலிவாக வாங்கி வருவார்.

பழைய கூம்பு செட் நிலத்தைப் போல விலை நின்றது. இன்றைய செட் மீனைப் போல. வாங்கிய நாளிலிருந்தே விலை இறங்குகிறது. வாடகை குறைவதும் சாமான் விலை குறைவதும் ஒன்றாகவே நடக்கும்; கடன் மட்டும் வாங்கிய தொகையிலேயே நிற்கும். இதுதான் இந்தத் தொழிலின் நோய்.

கடனோடு நின்றவர்களை 2020 மார்ச்சு ஊரடங்கு எப்படி அடித்தது என்பது ஊரறிந்த விஷயம். அந்த ஆண்டும் அடுத்த ஆண்டுமாக இரண்டு விழாக் காலம் வீணாயிற்று. சாமான் அறையில் கிடந்து பூசணம் பூத்தது. தவணை மட்டும் தவறாமல் வந்தது. 2021 ஜூலையில் ஒலி-ஒளித் தொழிலில் இருந்த சிலர் உயிரை மாய்த்துக்கொண்ட செய்திகள் கேரளத்தில் வெளிவந்தன. பாலக்காடு மாவட்டமும் அந்தத் துயரத்துக்கு விலக்காகவில்லை. விற்றுக் கடனை அடைக்கலாம் என்றால், பழைய சாமானுக்கு என்ன விலை கிடைக்கும்? அதைவிடக் குறைந்த விலையில் புதியது கடையில் இருக்கிறதே!

பழுது பார்க்கும் கை

செட்டோடு சேர்ந்து இன்னொரு தொழிலும் தேய்ந்தது. முன்பு ஆம்பிளிஃபயர் கெட்டால் மீட்டரும் சால்டரிங் இரும்பும் போதும். 2என்-3055 என்ற பவர் டிரான்சிஸ்டர் போயிருக்கும். ஊர்க் கடையில் வாங்கி மாற்றினால் அன்று மாலையே பாட்டுப் பாடும். இன்றைய போர்டில் உறுப்புகள் கடுகளவு. எது எது என்று எழுத்தைப் படிக்கவே பூதக்கண்ணாடி வேண்டும். போர்டையே மாற்றச் சொல்கிறார்கள்; அந்த மாடலை நிறுத்திவிட்டால் போர்டும் கிடைக்காது. மூணாறு, வட்டவடை போன்ற மஞ்சு மூடும் மலையூர்களில் ஈரம் உள்ளே இறங்கிக் கெடுப்பது வேறு.

ஆனாலும் ஒரு கை வித்தை மட்டும் எந்தக் கப்பலிலும் இறக்குமதியாகவில்லை. மைக் கிறீச்சிடாமல் பெட்டியை எங்கே நிறுத்துவது, மலைச்சரிவில் எதிரொலியை எப்படித் தவிர்ப்பது, வில்லுப்பாட்டுக்காரர் குரலுக்கும் குடத்துக்கும் எந்த அளவு வைப்பது என்பதெல்லாம் பல திருவிழா பார்த்த காதுக்குத்தான் தெரியும். பெட்டி யாரிடமும் இருக்கும். காது சிலரிடம்தான் இருக்கும். கருவியின் விலை இறங்க இறங்க, அதை ஆளத் தெரிந்தவரின் மதிப்பு ஏற வேண்டும். ஏறாததற்குக் காரணம், நாம் இன்னும் பெட்டியை எண்ணியே வாடகை பேசுகிறோம். ஆளை எண்ணிப் பேசுவதில்லை.

வாட்டுக் கணக்கும் உயிர்க் கணக்கும்

விலைப் போட்டி தரத்தைத் தின்னும்போது ஆபத்து மேடையேறுகிறது. பெட்டியின் மேல் '10,000 வாட்' என்று பொன்னெழுத்தில் இருக்கும். அதன் பிளக்கோ வீட்டு 5 ஆம்பியர் பிளக். 230 வோல்ட்டை ஐந்தால் பெருக்கினால் 1,150 வாட். தொடர்ந்து அதற்குமேல் அந்தப் பிளக் வழியே எடுக்க முடியாது. பிறகு பத்தாயிரம் எங்கிருந்து வரும்? 'பி.எம்.பி.ஓ.' என்று போட்டிருந்தால் அது விளம்பர வாட். 'ஆர்.எம்.எஸ்.' என்று போட்டிருக்கும் எண்ணைத்தான் பார்க்க வேண்டும்.

செம்பு என்று விற்கும் ஒயரில் உள்ளே அலுமினியம் இருந்து மேலே செம்பு பூசியிருப்பதும் உண்டு. அளவுக்கு மீறிய மின்சாரம் போனால் அது சூடேறும். இதைவிட முக்கியம் 'எர்த்'. மழைக்கால மேடையில், ஈரத் தரையில், வெறுங்காலோடு நின்று மைக்கைப் பிடிப்பவரின் உயிருக்கு அந்த ஒரு ஒயர்தான் காவல். மூன்று முனை பிளக்கில் எர்த்தை வெட்டிவிட்டு இரண்டு முனையில் செருகும் பழக்கம் கொலைக்குச் சமம். குறைந்த வாடகை சொல்லி வருகிறவர் எதைக் குறைத்து அந்த விலைக்கு வந்தார் என்று கமிட்டிக்காரர்கள் ஒரு கணம் யோசிக்க வேண்டும்.

இங்கேயே செய்ய முடியாதா?

இந்தக் கேள்வி பழையது. 1973-ல் கேரளத்தில் கெல்ட்ரான் தொடங்கிற்று; ஒரு மாநில அரசு தொடங்கிய முதல் மின்னணு நிறுவனம் என்ற பெருமை அதற்கு உண்டு. கண்ணூர்ப் பக்கம் அதன் ஆலை கண்டன்சர் செய்தது. 2024-ல் அங்கே சூப்பர் கப்பாசிட்டர் ஆலையும் திறக்கப்பட்டது. வாளையாற்றை அடுத்த கஞ்சிக்கோட்டில் 1970-களிலேயே ஐ.டி.ஐ. தொலைபேசித் துறை ஆலை வந்தது. அறிவுக்கும் கைக்கும் இங்கே குறைவிருந்ததில்லை. ஆனால் சோங்ஷானிலும் என்பிங்கிலும் திருகாணி, கம்பிச்சுருள், காந்தம், பிளாஸ்டிக் கூடு எல்லாம் பக்கத்துப் பக்கத்துத் தெருவில் கிடைக்கும். ஒரு பொருளை லட்சக்கணக்கில் அடித்துத் தள்ளும் சந்தையும் இருந்தது. நம்மிடம் ஆலை இருந்தது. ஆலையைச் சுற்றி அந்தத் தெருக்கள் இல்லை.

நிலைமை சிறிது மாறிவருகிறது. அஹுஜா இன்றும் உள்நாட்டில் செய்கிறது. ஜப்பானின் யமஹா சென்னை அருகே கட்டிய இசைக்கருவி ஆலை 2019-ல் உற்பத்தியைத் தொடங்கிற்று; கிதார், கீபோர்டோடு ஒலிபெருக்கிச் சாதனங்களும் அந்தத் திட்டத்தில் இடம்பெற்றன. ஆனால் அந்த ஆலைகள் பெருகும் வரை எல்லையோரத்துச் செட்காரர் காத்திருக்க முடியாது.

செய்யத் தக்கது

செட் வாங்க நினைப்பவர் முதலில் மனத்தில் வைக்க வேண்டியது இது: பணிக்கொடை முழுவதையும் ஒரே சமயத்தில் சாமானில் போடக்கூடாது. விலை இறங்கும் சரக்கைக் கடனில் வாங்குவது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் மொள்வதாகும். நல்ல மைக் நாலு, நம்பகமான மிக்ஸர் ஒன்று, ஒரு ஜோடி பெட்டி என்று தொடங்கி, பெரிய விழா வந்தால் மற்றவரிடம் வாடகைக்கு எடுத்துச் சேர்த்துக்கொள்ளலாம். இரண்டு விழாக் காலத்துக்குள் முதல் திரும்பாத சாமானை வாங்காமலிருப்பது உத்தமம். நாலைந்து பேர் சேர்ந்து பெரிய பெட்டிகளைப் பொதுவில் வைத்துக்கொண்டால் ஒருவரையொருவர் வாடகையில் வெட்டிக்கொள்ளும் போட்டியும் குறையும்.

மகனைத் தொழிலில் விடுவதானால் சாமானுக்கு முன் பயிற்சி வேண்டும். ஐ.டி.ஐ. எலெக்ட்ரானிக்ஸ் படிப்பும், பெரிய செட்காரரிடம் இரண்டு சீசன் வேலையும், டிஜிட்டல் மிக்ஸரில் தேர்ச்சியும் இருந்தால் கையில் பெட்டி இல்லாமலே பிழைக்கலாம். பெட்டி இருப்பவர்கள் தேடி வந்து அழைப்பார்கள்.

வாடகைக்கு எடுக்கும் கமிட்டிக்கும் ஒரு கடமை உண்டு. காவல் நிலைய அனுமதியை முன்கூட்டியே வாங்குவது, இரவு 10 மணி விதியை மதிப்பது, மாநில அரசு ஆண்டில் 15 நாளுக்கு மேற்படாமல் நள்ளிரவு வரை தளர்த்தும் நாளா இல்லையா என்று கேட்டறிவது, முன்பணமும் பாக்கியும் எழுத்தில் வைப்பது, எர்த்தும் ஜெனரேட்டரும் சரியா என்று மேடையேறும் முன் பார்ப்பது ஆகியவை அவர்கள் பொறுப்பு. ஐந்நூறு ரூபாய் குறைத்துத் தருகிறேன் என்று வருகிறவரைவிட, நேரத்துக்கு வந்து இறுதி வரை நின்று கவனிப்பவருக்கு அந்த ஐந்நூறைக் கூட்டிக் கொடுப்பது நஷ்டமல்ல.

ஒலிபெருக்கி இன்னும் மலியும். அதைத் தடுக்க வாளையாற்றிலும் முடியாது, குமுளியிலும் முடியாது. மலிந்த பெட்டியில் ஒருவருடைய முப்பது ஆண்டு உழைப்பைக் கொட்டாமல் காப்பதும், அதை ஆளத் தெரிந்த கைக்கு உரிய கூலியைக் கொடுப்பதும் நம்மால் முடியும்.